மல்லி தழைக்கிறது, பூக்கவில்லையே?

திண்டுக்கல்லில் பூச்செடி வைத்திருக்கும் வீடுகளில் இரண்டு குறைகள் அடிக்கடி காதில் விழும். "செடி நல்லாத்தான் தழைச்சிருக்கு, மொட்டே வைக்க மாட்டேங்குது" என்பது ஒன்று. "இலையெல்லாம் மஞ்சளா வெளுத்துப்போச்சு" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் வீட்டில் செய்யும் வைத்தியம் ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் தண்ணீர், இன்னும் கொஞ்சம் உரம். இந்த ஊர் மண்ணிலும் இந்த ஊர்த் தண்ணீரிலும் அந்த வைத்தியமே பல நேரம் குறையைக் கூட்டிவிடுகிறது.

இதற்கான விடையைத் தேடி நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம். நம் மாவட்டத்தின் நிலக்கோட்டைப் பக்கம் மல்லியை நம்பியே பிழைக்கும் ஊர்கள் இருக்கின்றன. 2013-இல் புவிசார் குறியீடு (ஒரு வட்டாரத்தின் விளைபொருளுக்கு மட்டும் உரிய பெயர்ப் பாதுகாப்பு) பெற்ற மதுரை மல்லியில் திண்டுக்கல் மாவட்டத்தில் விளையும் மல்லியும் சேர்த்தி. அந்தத் தோட்டக்காரர்கள் செடிக்குக் கொடுப்பதை மட்டும் பார்க்காதீர்கள். எப்போது கொடுக்காமல் நிறுத்துகிறார்கள், எப்போது கத்தியை எடுக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். வீட்டு மல்லிக்குக் குறைவது பெரும்பாலும் அந்த இரண்டும்தான்.

முதல் கேள்வி: செடி தழைக்கிறதே, ஏன் பூக்கவில்லை?

மல்லி மொட்டு வைப்பது புதிதாக விட்ட தளிர்க் கிளையின் நுனியிலும், அதை ஒட்டிய கணுக்களிலும்தான். போன வருஷம் பூத்து முற்றிப்போன பழைய கிளை இலையைத் தாங்கிக்கொண்டு நிற்கும், அவ்வளவே. வெட்டாமல் விட்ட செடியில் ஆண்டுக்காண்டு பழைய கிளை பெருகும், புதுத் தளிர் குறையும். பார்வைக்குப் புதர் போலச் செழிப்பாக இருக்கும். பூ மட்டும் கைக்கு எட்டாது.

அதனால்தான் மல்லித் தோட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து (கிளைகளை அளவாக வெட்டிவிடுதல்) செய்கிறார்கள். நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம் விட்டு மேலே உள்ளதை வெட்டச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அதாவது உங்கள் முழங்கால் உயரம், அல்லது அதற்குச் சற்று மேல்.

அவ்வளவு வெட்டினால் செடி செத்துவிடாதா? சாகாது. நட்டு ஒரு வருஷம் தாண்டி, வேர் பிடித்து, நல்ல நிலையில் இருக்கும் செடி என்றால் தைரியமாக வெட்டலாம். மூன்று நான்கு வாரத்தில் வெட்டிய இடத்துக்குக் கீழே எல்லாக் கணுவிலும் துளிர் கிளம்பும். அந்தத் துளிர்கள்தான் மாசி, பங்குனியில் மொட்டு வைக்கப் போகிறவை. முதல் வருஷக் கன்றை மட்டும் இப்படி வெட்ட வேண்டாம். நுனியைக் கிள்ளி விட்டால் போதும், பக்கக் கிளை விடும்.

வெட்டும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு வருஷப் பூ முழுக்க இதைப் பொறுத்திருக்கிறது.

வெட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். செடி இலேசாக வாட வேண்டும். வளர்ச்சி நின்று, கிளையில் சத்து தங்கும். தொட்டிச் செடி என்றால் மழை நேராக விழாத, ஆனால் வெளிச்சம் குறையாத இடத்துக்கு நகர்த்திவிடலாம். தரையில் இருக்கும் செடிக்கு வடகிழக்குப் பருவமழை நம் பேச்சைக் கேட்காது. நவம்பர் கடைசியில் மழை விடாமல் பெய்தால் ஒரு வாரம், பத்து நாள் பொறுத்து, வானம் வெளுத்த பிறகு வெட்டுங்கள். ஈரத்தில் வெட்டினால் வெட்டுவாயில் பூஞ்சை பிடிக்கும்.

கத்தரி கூராக இருக்கட்டும். மழுங்கிய கத்தியால் அறுத்தால் பட்டை கிழிந்து கிளை காயும். முதலில் காய்ந்த குச்சி, நோய் பிடித்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, புதருக்கு நடுவே வெளிச்சம் படாமல் நீண்டு கிடக்கும் வெளுத்த கிளை ஆகியவற்றை அடியோடு எடுத்துவிடுங்கள். மீதியை முழங்கால் உயரத்தில் வெட்டுங்கள். நிற்கும் கிளைகளில் உள்ள இலைகளையும் உருவிவிடுங்கள். விரல் பருமன் உள்ள வெட்டுவாய்களில் காப்பர் ஆக்சிகுளோரைடு (உரக்கடையில் கிடைக்கும் பூஞ்சைக்கொல்லித் தூள்) குழைத்துத் தடவலாம்.

பிறகுதான் உரமும் தண்ணீரும். தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, சுற்றிலும் மண்ணை இலேசாகக் கொத்தி, மக்கிய தொழுவுரம் போட்டு மூடி, வேர் நனைய ஒருமுறை தண்ணீர் விடுங்கள். வெயிலும் சூடும் ஏற ஏறத் துளிர் வேகம் எடுக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை வெட்டினால் போதுமா? பெரிய வெட்டு ஒன்று போதும். அது போக, பூத்து ஓய்ந்த ஒவ்வொரு நுனியையும் இரண்டு இலை கீழே கிள்ளிவிடும் பழக்கம் வேண்டும். கிள்ளிய இடத்தில் இரண்டு பக்கத் துளிர் வரும், இரண்டும் மொட்டு வைக்கும். காலையில் பூப்பறிக்கும் கையோடு இதைச் செய்துவிடலாம்.

மல்லிக்குச் சொன்ன மாதம் மற்றவற்றுக்குப் பொருந்தாது. முல்லையை ஜனவரி கடைசி வாரத்தில் 45 சென்டிமீட்டர் உயரத்திலும், பிச்சியை (ஜாதிமல்லி என்றும் சொல்வோம்) அதே சமயத்தில் 75 சென்டிமீட்டர் உயரத்திலும் வெட்ட வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் ஒரே உயரத்தில் வெட்டுவது வீடுகளில் பரவலாக நடக்கிறது. அதில் பிச்சிக்குத்தான் நஷ்டம்.

"மார்கழியில் எங்கள் மல்லி பூக்கவே இல்லை. செடியில் ஏதோ கோளாறா?" கோளாறு இல்லை. குளிரும் பனியும் மொட்டை அடக்கிவிடும். தோட்டங்களிலும் அப்போது பூ வரத்து ஒடுங்கிவிடுகிறது. அதனால்தான் மார்கழி, தையில் திண்டுக்கல், நிலக்கோட்டைப் பூச்சந்தைகளில் மல்லி கிலோ ஆயிரங்களைத் தாண்டுகிறது. கோடையில் வரத்து பெருகியதும் விலை சரிகிறது, மிஞ்சும் பூ வாசனைத் தொழிற்சாலைக்குப் போகிறது. பொங்கலுக்குப் பூ வேண்டும் என்று டிசம்பரில் உரத்தைக் கொட்டினால் கிடைப்பது இலைதான்.

உரம் எவ்வளவு? பல்கலைக்கழகப் பரிந்துரையின்படி, தோட்டத்தில் வளர்ந்த ஒரு மல்லிச் செடிக்கு ஆண்டுக்கு 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து, 120 கிராம் சாம்பல்சத்து. கடைச் சரக்காகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 130 கிராம் யூரியா, 750 கிராம் சூப்பர் பாஸ்பேட், 200 கிராம் பொட்டாஷ். இதை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கைக் கவாத்துக்குப் பின்னும் மறு பங்கை ஜூன், ஜூலையிலும் இட வேண்டும்.

அந்தக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். இலையை வளர்க்கும் தழைச்சத்து, பூவுக்கு உதவும் மற்ற இரண்டில் ஒவ்வொன்றுக்கும் பாதிதான். வீட்டில் நடப்பது தலைகீழ். யூரியா வெள்ளையாக, மலிவாக, கையில் இருக்கிறது. இரண்டு பிடி போட்டதும் செடி கருகருவென்று பச்சை கட்டுகிறது. பார்க்கத் திருப்தியாக இருக்கிறது. மொட்டு பின்வாங்கிவிடுகிறது.

தொட்டிச் செடிக்கு மேலே சொன்ன அளவு கூடவே கூடாது, வேர் கருகிவிடும். மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரம், அவ்வப்போது ஊறவைத்து நன்றாக நீர்த்த கடலைப் புண்ணாக்குக் கரைசல் என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெயில் எவ்வளவு வேண்டும்? மல்லிக்கு நேர் வெயில் குறைந்தது ஆறு மணி நேரம். பக்கத்து வீட்டு மாடிச் சுவரின் நிழலில், இரண்டு மணி நேர வெயிலில் நிற்கும் மல்லிக்கு எந்த உரமும் உதவாது. இடத்தை மாற்ற முடியாவிட்டால் செடியை மாற்றுங்கள். கனகாம்பரம் அரை நிழலைத் தாங்கிப் பூக்கும்.

இரண்டாவது குறைக்கு வருவோம். இலை ஏன் மஞ்சளாகிறது?

எந்த இலை மஞ்சளாகிறது என்று முதலில் பாருங்கள். அடியில் உள்ள முற்றிய இலை ஒன்றிரண்டு பழுத்து உதிர்ந்தால் அது வயது. அடி இலைகள் எல்லாம் ஒருசேர வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. நுனித் தளிர் மஞ்சளாகி, அதில் நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. செடி முழுவதும் மஞ்சளாகி, தண்ணீர் இருந்தும் தொங்கினால் வேர் அழுகுகிறது.

நம் ஊரில் அதிகம் காண்பது மூன்றாவது வகை, தளிர் மஞ்சள். இட்லிப்பூ, செம்பருத்தி, மல்லி மூன்றிலும் இதைப் பார்க்கலாம். இட்லிப்பூவில் அது முதலில் தெரியும், ஏனென்றால் அதற்குப் புளிப்புத் தன்மையுள்ள மண்தான் ஒத்துவரும்.

செம்மண்ணில் இரும்பு இல்லையா? இருக்கிறது. மண்ணுக்கு அந்தச் சிவப்பைத் தருவதே இரும்புதான். ஆனால் மண்ணில் சுண்ணாம்பு கூடிவிட்டால் இரும்பு அதில் கட்டுண்டு, வேர் உறிஞ்ச முடியாத வடிவில் கிடக்கும். சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் உங்கள் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து. குழாய் வாயிலும் வாளி விளிம்பிலும் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பும் சுண்ணாம்பும் தினமும் தொட்டிக்குள் போகிறது. தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். தொட்டி ஓரத்தில் வெள்ளைப் பொருக்குக் கண்டால் இது நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். தோல் பதனிடும் தொழிலால் நிலத்தடி நீர் கெட்ட பகுதிகளில் குடியிருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல்.

உடனடி மருந்து அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு). லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பின் இலையின் இரு பக்கமும் நனையத் தெளியுங்கள். மாதம் ஒருமுறை, தளிர் பச்சையாகும் வரை. கரைக்கும் தண்ணீர் முக்கியம். உப்புத் தண்ணீரில் போட்டால் துருவாக மாறி அடியில் படிந்துவிடும். மழைநீரோ நல்ல தண்ணீரோ எடுத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, பிறகு அன்னபேதியைக் கரையுங்கள். கரைத்ததை அன்றே தெளித்துவிடுங்கள். சுவரிலும் தரைக் கல்லிலும் பட்டால் துருக்கறை போகாது, அதனால் தொட்டியைத் தள்ளி வைத்துத் தெளிப்பது நல்லது.

மருந்து அடித்துக்கொண்டே இருக்க வேண்டுமா? தண்ணீரைக் கவனித்தால் வேண்டாம். இங்கேதான் உங்கள் மாடியில் விழும் மழை கைகொடுக்கும். மழைநீர் சேகரிப்புக் குழாயின் வழியில் ஒரு பீப்பாய் வைத்து நிரப்பினால், நான்கைந்து தொட்டிக்குப் பல நாள் காணும். அது முடியாதவர்கள், குழாயில் நல்ல தண்ணீர் வரும் நாளில் மாதம் ஒருமுறையாவது தொட்டியின் அடித்துளையில் தாராளமாக வழியும் வரை ஊற்றுங்கள். தேங்கிய உப்பு கரைந்து வெளியேறும். அடித்துளை அடைபட்டிருந்தால் இது நடக்காது. ஆகவே தொட்டியை ஒருமுறை சாய்த்துத் துளையைப் பாருங்கள்.

சுத்திகரிப்பு இயந்திரத்திலிருந்து வீணாக வழியும் தண்ணீரைச் செடிக்கு விடலாமா? மனசு கேட்காமல் பலரும் விடுகிறார்கள். உங்களுக்கு வந்த தண்ணீரின் உப்பு முழுக்க அதில்தான் சேர்ந்திருக்கிறது. மல்லி, இட்லிப்பூ, செம்பருத்திக்கு வேண்டாம். உப்பைத் தாங்கும் அரளிக்கும் காகிதப்பூவுக்கும், அதுவும் தரையில் நட்ட செடிகளுக்கு, மற்ற தண்ணீரோடு மாற்றி மாற்றி விடலாம். அரிசி களைந்த தண்ணீர் எல்லாச் செடிக்கும் ஆகும்.

முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல் போடச் சொல்கிறார்களே? புளிப்பு மண் உள்ள மலைப்பகுதியிலும் மழை மிகுந்த ஊரிலும் அது நல்ல யோசனை. முட்டை ஓடு சுண்ணாம்புதான், சாம்பலும் மண்ணைக் காரமாக்கும். ஏற்கெனவே சுண்ணாம்பு கூடிக் கிடக்கும் திண்டுக்கல் தொட்டியில் இரண்டும் நோயை முற்ற வைக்கும். இட்லிப்பூவுக்கு முட்டை ஓடு போடும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். புளித்த மோர் தொட்டி மண்ணின் காரத்தைக் கொஞ்சம் தணிக்கும், கெடுதல் இல்லை, ஆனால் முற்றிய மஞ்சளை அது மட்டும் சரிசெய்யாது.

மல்லிக்குத் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை? நாளைக் கணக்கிடாதீர்கள், மண்ணைத் தொட்டுப் பாருங்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டு, ஈரம் இல்லையென்றால் ஊற்றுங்கள். மொட்டு வைக்கும் கோடையில் மாடித் தொட்டிக்கு நாள்தோறும் கேட்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் தேவைப்படாது. தேங்கிய நீரில் வேரழுகல் வந்தால் செடியைக் காப்பாற்றுவது அரிது.

காகிதப்பூவுக்கு இந்த விதி இன்னும் கடுமை. பிரேசில் நாட்டுக்காரச் செடி அது. மண் நன்றாகக் காய்ந்து, இலை தொய்யத் தொடங்கும்போது தண்ணீர் விட்டால்தான் நிறம் காட்டும். தினமும் ஊற்றினால் முள்ளும் இலையும் வரும். நாம் பூ என்று ரசிக்கும் அந்த நிற இதழ்களும் நிறம் மாறிய இலைகளே. உள்ளே சின்னதாக வெள்ளைக் குழல் போல இருப்பதுதான் பூ.

மொட்டு ஊதா நிறமாகிக் காய்கிறதே? இரண்டு பேர் செய்யும் வேலை அது. மொட்டைத் துளைத்து உள்ளே தின்று, பக்கத்து மொட்டுகளையும் நூலால் பிணைத்திருந்தால் மொட்டுப்புழு. துளையில்லாமல் அடி வீங்கி நிறம் மாறி வாடினால் மொட்டு ஈ. ஈயின் புழு மண்ணில் விழுந்துதான் கூட்டுப்புழுவாகிறது. அதனால் கெட்ட மொட்டுகளை அன்றன்றே பறித்து அழியுங்கள், செடியைச் சுற்றி மண்ணைக் கிளறி வெயில் காட்டுங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து வாரம் ஒருமுறை மாலையில் அடிக்கலாம். தலையில் வைக்கும் பூ, சாமிக்குப் போடும் பூ என்பதால் கடும் பூச்சிமருந்தை வீட்டுச் செடிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கோடையில் இலையின் அடியில் மெல்லிய நூலாம்படையும் புழுதி படிந்தது போன்ற நிறமும் தெரிந்தால் சிவப்புச் சிலந்தி. தண்ணீரை இலையின் அடியில் பீய்ச்சுங்கள். அடங்காவிட்டால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், மாலையில். செம்பருத்தியின் மாவுப்பூச்சிக்கும் முதல் மருந்து தண்ணீர்ப் பீய்ச்சல்தான். எறும்பு வரிசையையும் தடுக்க வேண்டும், ஏனென்றால் மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும்.

புதிதாக வாங்கப் போகிறீர்களா? ஜூன் முதல் நவம்பர் வரை நடலாம். மல்லிப் பதியன் (கிளையை மண்ணில் பதித்து வேர்விட வைத்த கன்று) பெரும்பாலும் இராமேசுவரம் பக்கத்துத் தங்கச்சிமடம் மணல்காட்டிலிருந்து வருகிறது. நாற்றங்காலில் பூத்துக் குலுங்கும் கன்றைத் தேடாதீர்கள். வேர் நிறைந்து, இலை பச்சையாக, அடியிலிருந்து இரண்டு மூன்று கிளை விட்டதை எடுங்கள். தரையில் ஒன்றரை அடிக் குழி எடுத்து, 10 கிலோ மக்கிய தொழுவுரம் கலந்து, செடிக்குச் செடி நாலடி விட்டு நடுங்கள். தொட்டி என்றால் 15 அங்குல வாய், செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு. ஆண்டு முழுக்கப் பூ வேண்டும் என்பவர்கள் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 நட்சத்திர மல்லியைக் கேட்டுப் பார்க்கலாம். பராமரிக்கவே நேரமில்லை என்றால் நந்தியாவட்டை வையுங்கள்.

அரளி வைக்கும் வீட்டில் ஒரு எச்சரிக்கை. செவ்வரளி, வெள்ளரளி, மஞ்சள் அரளி எல்லாமே இலை, பூ, காய், குச்சி என முழுதும் நஞ்சு. சின்னப் பிள்ளைகள் இருந்தால் வைக்காதீர்கள். வெட்டிய கிளையை ஆடுமாடு திரியும் தெருவில் போடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம், புகையும் ஆகாது. குழி வெட்டிப் புதையுங்கள். கவாத்து செய்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஏழெட்டுச் செடிக்கு மேல் வைக்கப் போகிறவர்கள், அல்லது எத்தனை முறை அன்னபேதி அடித்தும் மஞ்சள் போகாதவர்கள், மண்ணையும் தண்ணீரையும் சோதித்துவிடுவது நல்லது. காந்திகிராமத்தில் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். மேல் மண்ணில் உள்ள குப்பையை ஒதுக்கி, அரை அடி ஆழத்தில் நாலைந்து இடத்து மண்ணை எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ துணிப்பையில் கட்டுங்கள். உரம் போட்ட இடத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் எடுக்காதீர்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை, மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் பிடியுங்கள். இரண்டிலும் கார அமில நிலையையும் உப்பின் அளவையும் கேட்டு வாங்குங்கள். கார அமில எண் 6.5-க்கும் 7.5-க்கும் இடையில் இருந்தால் மல்லிக்கு ஏற்ற மண். 8-ஐத் தாண்டினால் இட்லிப்பூவை மறந்துவிட்டு, அந்த இடத்தில் காகிதப்பூ வைக்கலாம்.